கார்ட்டன் ஸ்டீல்: துரு எங்கே அடங்கும், எங்கே அடங்காது

கேள்வி இதுதான்: "புது வீட்டின் முகப்புக்கும், வாசலில் வைக்கப் போகும் ஒரு சிற்பத்துக்கும் கார்ட்டன் ஸ்டீல் போடலாம் என்கிறார் ஆர்க்கிடெக்ட். துருப்பிடித்த இரும்பு எப்படி நீடிக்கும்? பெயின்ட் அடிக்கவே வேண்டாம் என்பது உண்மையா? எங்கள் மனை ஈ.சி.ஆரில், கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் இருக்கிறது."

முதலில் நேரடியான பதில். பெயின்ட் வேண்டாம் என்பது உண்மைதான். பெயின்டே காணாமல் ஐம்பது, அறுபது ஆண்டுகளாக நிற்கும் கட்டடங்களும் பாலங்களும் இருக்கின்றன. ஆனால் உங்கள் மனையில் வேண்டாம். காரணம் புரிய வேண்டுமானால் இந்த எஃகு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்தாக வேண்டும். நாளைக்கு வேறு ஊரில் வேறு வேலைக்கு இதை எடுத்தாலும் அது உதவும்.

சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தகட்டில் பிடிக்கிற துரு பொலபொலவென்று இருக்கும். ஈரமும் காற்றும் அதற்குள் புகுந்து உள்ளே இருக்கும் உலோகத்தைத் தின்னும். மேலே இருக்கும் துரு உதிரும், புது உலோகம் வெளியே வரும், அதுவும் துருப்பிடிக்கும். கார்ட்டனில் கொஞ்சம் செம்பு, குரோமியம், நிக்கல், சிலிக்கான், சில வகைகளில் பாஸ்பரஸும் கலந்திருக்கும். எல்லாம் சேர்த்தாலே மூன்று சதவீதத்துக்குள்தான். செம்பு மட்டும் எடுத்தால் 0.25 முதல் 0.55 சதவீதம். இவ்வளவு சிறிய அளவு செய்யும் வேலை பெரியது.

முதல் சில மாதங்கள் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஒரே ஆரஞ்சு நிறத் துரு. பிறகு மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடி நனைந்து காய, அந்த முதல் துருவில் இருக்கும் லெபிடோக்ரோசைட் என்ற தாதுவில் ஒரு பகுதி கோத்தைட் என்ற தாதுவாக மாறுகிறது. கோத்தைட்டின் துகள்கள் மிக நுண்ணியவை, நெருக்கமானவை. உலோகத்தை ஒட்டிய உள்ளடுக்கில் குரோமியமும் செம்பும் சேர்ந்துகொள்கின்றன. ஆக, உலோகத்தோடு இறுக ஒட்டிக்கொண்ட அடர்த்தியான ஒரு படலம் உருவாகிறது. ஈரமும் ஆக்சிஜனும் அதைத் தாண்டி உள்ளே போவது கடினம். இந்தப் படலம் நிலைபெற இரண்டிலிருந்து ஐந்து ஆண்டு வரை ஆகும். நிறமும் ஆரஞ்சிலிருந்து பழுப்பாகி, பிறகு ஊதா கலந்த அடர் பழுப்புக்குப் போகும். அரிப்பு அடியோடு நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். மிக மெதுவாகிவிடும், அவ்வளவுதான். அந்த மெதுவான வேகமே நமக்குப் போதும்.

இதில் முக்கியமான சொல் 'காய்ந்து' என்பது. காய்தல் இல்லையென்றால் அந்தப் படலம் உருவாகாது. எப்போதும் ஈரமாகவே கிடக்கும் கார்ட்டன், விலை அதிகம் கொடுத்து வாங்கிய எம்.எஸ். போலத்தான் நடந்துகொள்ளும். உப்பு இன்னும் மோசம். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தகட்டைக் காயவிடாமல் செய்கிறது. அதோடு உப்பிலிருக்கும் குளோரைடு சேர்ந்தால் அகாகனைட் என்ற வேறு வகைத் துரு உருவாகி, குளோரைடைத் தனக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. பிறகு துரு அடுக்கடுக்காகப் பெயர ஆரம்பிக்கும்.

இந்த எஃகை 1930-களில் சந்தைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம். சிற்பிகளையோ ஆர்க்கிடெக்டுகளையோ மனதில் வைத்துச் செய்ததல்ல, ரயில் சரக்கு வேகன்களுக்காகச் செய்தது. நம் ஊரிலும் அதே வழியில்தான் வந்தது. சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பல பத்தாண்டுகள் உருவான பழைய நீல நிறப் பெட்டிகளின் உடல் கார்ட்டன் எஃகுதான். பெயின்டுக்கு அடியில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. துரு முகம் வெளியே தெரியாவிட்டாலும் நாம் எல்லோரும் அதில் பயணம் செய்திருக்கிறோம்.

கட்டடத்துக்கு அதைப் பெயின்ட் இல்லாமல் வெளியே கொண்டுவந்தவர் ஆர்க்கிடெக்ட் ஈரோ சாரினென். இல்லினாய் மாநிலத்தின் மொலின் நகரில் ஜான் டீர் என்ற விவசாய இயந்திர நிறுவனத்தின் தலைமையகம் அது. சாரினென் 1961-இல் காலமாகிவிட்டார். அவருடன் வேலை பார்த்த கெவின் ரோச் வேலையை முடித்து, 1964-இல் கட்டடம் திறந்தது. தூண், உத்தரம், வெயில் மறைக்கும் பலகைகள் எல்லாம் முகப்புக்கு வெளியே, காற்றில். அந்த அமைப்பை நான் திரும்பத் திரும்பப் படத்தில் பார்ப்பதுண்டு. அழகுக்காக மட்டுமல்ல. எல்லாமே காற்றோட்டத்தில் நிற்பதால் மழை பெய்து முடிந்ததும் காய்ந்துவிடும். இந்த எஃகு என்ன கேட்கிறதோ அதை முதல் கட்டடமே சரியாகக் கொடுத்துவிட்டது. அடுத்த ஆண்டே சிகாகோவில் இதே எஃகில் சிவிக் சென்டர் என்ற நீதிமன்ற, அலுவலகக் கட்டடம் எழுந்தது. அதன் முன்னால் இருக்கும் சதுக்கத்தில் 1967-இல் பிக்காசோவின் பெயரில்லாச் சிற்பம் திறக்கப்பட்டது. 50 அடி உயரம், கட்டடத்துக்குப் போட்ட அதே வகை எஃகு. கட்டடமும் சிற்பமும் ஒரே வானத்துக்குக் கீழே ஒரே விதமாக நிறம் மாறும் என்பது அந்த இடத்தின் பெரிய பலம். பிக்காசோ அதற்குப் பணம் வாங்க மறுத்து, வடிவத்தை நகரத்துக்கே பரிசாகக் கொடுத்துவிட்டார்.

சிற்பிகளுக்கு இது ஏன் இவ்வளவு பிடிக்கிறது? பெயின்ட் அடித்த எஃகில் கண் பெயின்டில்தான் நிற்கும். இதில் பொருள்தான் முகம். ரிச்சர்ட் சேரா இளமையில் எஃகு ஆலைகளில் வேலை பார்த்தவர். தகட்டின் எடை என்ன செய்யும் என்பது அவர் கைக்குத் தெரியும். ஸ்பெயினின் பில்பாவோ குக்கன்ஹைம் அருங்காட்சியகத்தில் அவருடைய சுருள் சிற்பங்களுக்குள் நடந்தால் இரண்டு பக்கமும் சாய்ந்து நிற்கும் சுவர்கள் ஒவ்வொன்றும் சுமார் 5 சென்டிமீட்டர் பருமனுள்ள தகடு. போல்ட் இல்லை, தாங்குசட்டம் இல்லை, வளைவின் பலத்தில் நிற்கின்றன. அவை இருப்பது கூரைக்குக் கீழே என்பதையும் கவனியுங்கள். மழை படாத இடத்தில் துருவின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுபோகும். உள்ளே கொண்டுபோகும்போது என்ன நிறமோ கிட்டத்தட்ட அந்த நிறத்திலேயே இருக்கும். வீட்டுக்குள் கார்ட்டன் சுவர் வைக்க ஆசைப்படுபவர்கள், வேண்டிய நிறம் வரும் வரை வெளியே வைத்திருந்துவிட்டுப் பிறகு உள்ளே கொண்டுபோக வேண்டும்.

இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் 1998-இல் நிறுவப்பட்ட ஆன்டனி கோர்ம்லியின் 'ஏஞ்சல் ஆஃப் த நார்த்' இன்னொரு வகை. 20 மீட்டர் உயரம், சிறகுக்குச் சிறகு 54 மீட்டர், 200 டன். மணிக்கு 160 கிலோமீட்டர் காற்றைத் தாங்க வேண்டும் என்பதால் அஸ்திவாரம் 20 மீட்டர் ஆழத்தில் பாறை வரை போகிறது. அந்தக் குன்றின் மேல் ஏறி நின்று பெயின்ட் அடிக்க யாரும் வரப்போவதில்லை. அந்த மாதிரி இடத்துக்குத்தான் இந்த எஃகு பொருத்தம்: திறந்த வெளி, காற்று, மழை கழுவும் பரப்பு.

இனி தோல்விக் கதைகள். இவற்றைப் படிக்காமல் யாரும் கார்ட்டன் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அட்லான்டா நகரில் 1972-இல் ஆம்னி என்ற விளையாட்டரங்கம் கட்டினார்கள். புறத்தோல் முழுக்க இந்த எஃகு. அந்த ஊரின் ஈரப்பதத்தில் துரு அடங்கவே இல்லை. சுவரில் ஓட்டைகள் விழுந்தன. டிக்கெட் இல்லாதவர்கள் அதற்குள் புகுந்து வருவதைத் தடுக்கக் கம்பிவலை வேலி போட வேண்டிவந்தது. 1997-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். வெறும் 25 ஆண்டு. ஹவாயின் ஹொனொலூலுவில் 1975-இல் திறந்த அலோஹா மைதானத்துக்கு எதிரி கடல் உப்பு. அதன் துருவைப் பிடித்து நிறுத்தப் பல பத்தாண்டுகள் செலவு செய்தார்கள். மிச்சிகன் மாநிலத்தில் கடல் கிடையாது. ஆனால் பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவுவார்கள். அது பாலங்களின் உத்தரங்களில் ஒழுகி, இந்த எஃகைப் பெயின்ட் இல்லாமல் போடுவதையே 1980 வாக்கில் அந்த மாநிலம் நிறுத்தி வைத்தது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது பிட்ஸ்பர்க்கின் ஃபெர்ன் ஹாலோ பாலம். 1970-களின் தொடக்கத்திலிருந்து நின்ற பாலம், பெயின்ட் இல்லாத வெதரிங் ஸ்டீல் (கார்ட்டன் வகை எஃகின் பொதுப் பெயர்). 2022 ஜனவரி 28 காலையில் ஒரு பஸ்ஸோடும் சில கார்களோடும் பள்ளத்தில் விழுந்தது. உயிரிழப்பு இல்லை, பலர் காயமடைந்தார்கள். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. எஃகில் குறை இல்லை. மேலே வடிகால்கள் இலையும் குப்பையும் அடைத்துக் கிடந்தன. தண்ணீர் வழிமாறிப் பாலத்தின் கால்களில் இறங்கியது. அங்கே குப்பையும் ஈரமும் சேர்ந்து தேங்கின. காயாத அந்த இடத்தில் படலம் உருவாகவில்லை, கால் அரித்துப் போய்விட்டது. வடிகாலைச் சுத்தம் செய்யுங்கள் என்று சோதனை அறிக்கைகள் ஆண்டுக்கணக்காகச் சொல்லியிருந்தன, செய்யப்படவில்லை. அதே எஃகில் மேற்கு வர்ஜீனியாவில் 1977-இல் கட்டிய நியூ ரிவர் கார்ஜ் பாலம், 518 மீட்டர் வளைவு, இன்றும் போக்குவரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

பராமரிப்பே வேண்டாம் என்று விற்பனையாளர் சொன்னால் ஃபெர்ன் ஹாலோவைச் சொல்லுங்கள். பெயின்ட் வேண்டாம், சரி. சருகைக் கூட்டித் தள்ளுவதும் வடிகாலைப் பார்ப்பதும் எப்போதும் வேண்டும்.

இப்போது வடிவமைப்புக்கு வருவோம். கார்ட்டன் வேலையில் ஆர்க்கிடெக்டோ சிற்பியோ வரைய வேண்டிய முதல் கோடு தண்ணீர் போகும் வழி. எங்கே விழுகிறது, எங்கே ஓடுகிறது, எங்கே தேங்கும், எத்தனை நேரத்தில் காயும். படுக்கையாக ஒரு பரப்பு இருந்தால் சரிவு கொடுங்கள். பள்ளம் போல ஒரு மூலை வந்தால் துளை போடுங்கள். உள்ளே வெற்றிடம் உள்ள பெட்டி வடிவச் சிற்பம் என்றால் இரண்டே வழி: காற்றே புகாமல் முழுக்க வெல்டு செய்து மூடுவது, அல்லது அடியில் வடிகால் துளையும் மேலே காற்றோட்டமும் வைப்பது. அரைகுறையாக மூடினால் இரவில் உள்ளே பனி படிந்து, வெளியே அழகாக இருக்கும்போதே உள்ளிருந்து அரித்துவிடும். அமெரிக்காவின் ஹூஸ்டனில் ராத்கோ சேப்பல் என்ற வழிபாட்டிடத்தின் முன்னால் தண்ணீர்த் தொட்டியின் நடுவே நிற்கும் பார்னெட் நியூமனின் 'புரோக்கன் ஒபலிஸ்க்' சிற்பத்துக்குப் பெரிய பழுதுபார்ப்பு தேவைப்பட்டதில் வியப்பில்லை. அந்த இடம் அற்புதமான காட்சி, ஆனால் இந்த எஃகுக்கு ஒவ்வாத இடம்.

தகட்டின் பருமன் அடுத்தது. பிரிட்டனின் பால விதிகளில் 120 ஆண்டு நிற்க வேண்டிய எஃகுக்கு, காற்று படும் ஒவ்வொரு முகத்திலும் மிதமான சூழலில் 1 மில்லிமீட்டர், கடுமையான சூழலில் 1.5 மில்லிமீட்டர் அரித்துப் போகும் என்று கணக்கு வைத்து அந்த அளவு கூடுதலாகத் தகடு போடச் சொல்கிறார்கள். பாலத்தின் 20 மில்லிமீட்டர் தகட்டில் அது பெரிதல்ல. இரண்டு பக்கமும் காற்று படுகிற 3 மில்லிமீட்டர் முகப்புத் தகட்டில் யோசித்துப் பாருங்கள். மிச்சம் 1 மில்லிமீட்டர். அதனால்தான் மெல்லிய முகப்புத் தகடுகளைக் கழற்றி மாற்றும்படி பொருத்த வேண்டும், பின்னால் காற்று ஓட இடைவெளி விட வேண்டும், பாரம் தாங்கும் சட்டம் தனியாக இருக்க வேண்டும்.

பேப்ரிகேட்டரிடம் கண்டிப்பாகப் பேச வேண்டியவை சில. வெல்டிங் ராடு எது? ஒரே ஓட்டத்தில் முடியும் சின்ன வெல்டுக்குச் சாதாரண ராடு போதும், தகட்டிலிருக்கும் கலவை உருகும்போது அதிலும் சேர்ந்துகொள்ளும். பல ஓட்டம் போடுகிற பெரிய வெல்டின் மேல் ஓட்டங்களுக்கு நிக்கல் கலந்த, இந்த எஃகுக்கே உரிய ராடு வேண்டும். இல்லாவிட்டால் வெல்டுக் கோடு மட்டும் வேறு நிறத்தில் தெரியும், சீக்கிரமும் அரிக்கும். ஜி.ஐ. போல்ட் வேண்டாம், அதன் மேல் பூசிய துத்தநாகம் தன்னைக் கொடுத்து எஃகைக் காக்கும் குணம் கொண்டது, சீக்கிரம் கரைந்துபோகும். வெதரிங் போல்ட் கிடைத்தால் நல்லது, இல்லையேல் ஸ்டெயின்லெஸ். இரண்டு தகடு ஒன்றின் மேல் ஒன்று படியும் இணைப்பில் போல்ட்டுக்குப் போல்ட் இடைவெளி தகட்டுப் பருமனைப் போல் 14 மடங்குக்கும், 175 மில்லிமீட்டருக்கும் மேல் போகக் கூடாது. தளர்வாக விட்டால் இடையில் தண்ணீர் புகும். துரு உலோகத்தைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொள்வதால் தகட்டையே நெம்பிப் பிரித்துவிடும்.

மண்ணுக்குள் போகும் பகுதிக்கும், செடித் தொட்டியின் உட்பக்கத்துக்கும் எப்பாக்சி பூச்சு கட்டாயம். ஈர மண் காயவே காயாது.

பிறகு, பிளாஸ்டிங், அதாவது மணல் போன்ற துகளை வேகமாக அடித்துப் பரப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்வது. ஆலையிலிருந்து வரும் தகட்டின் மேல் கருநீலத் தோல் ஒன்று இருக்கும். அதை அப்படியே விட்டால் திட்டுத்திட்டாகப் பெயர்ந்து முகம் ஆண்டுக்கணக்கில் அலங்கோலமாகத் தெரியும். சிற்பத்துக்கு முழுப் பரப்பையும் பிளாஸ்ட் செய்துவிடுங்கள். அதன் பிறகு தகட்டில் யாரும் மார்க்கரால் அளவு எழுதக் கூடாது, எண்ணெய்க் கை படக் கூடாது. அந்தத் தடம் துருவுக்குள் நெடுநாள் நிற்கும். நிறம் சீக்கிரம் வர வேண்டுமென்று சிலர் உப்புத் தண்ணீரோ ஆசிடோ தெளிக்கிறார்கள். மனம் பதைக்கிறது. எந்தக் குளோரைடைத் தூரத்தில் வைக்க வேண்டுமோ அதையே முதல் நாளில் ஊட்டுவது அது. நல்ல தண்ணீரைத் தெளித்துக் காயவிட்டு, மறுபடி தெளியுங்கள். புரூக்ளினில் 2012-இல் திறந்த பார்க்லேஸ் சென்டர் அரங்கத்தின் சுமார் 12,000 பேனல்களைத் தொழிற்சாலையிலேயே நனைத்து நனைத்துக் காயவைத்துத்தான் கொண்டுவந்து மாட்டினார்கள்.

கறை பற்றிப் பலரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். முதல் ஓரிரு ஆண்டுகள் மழைத்தண்ணீர் துருவோடுதான் வடியும். பிட்ஸ்பர்க்கின் 64 மாடி யு.எஸ். ஸ்டீல் கோபுரம் சுற்றியுள்ள நடைபாதையையும் பக்கத்துக் கட்டடங்களையும் கறையாக்கியது. (அந்தக் கோபுரத்தில் இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். தூண்கள் வெளியே தெரிய வேண்டும், ஆனால் தீ விபத்தைத் தாங்க வேண்டும். கான்கிரீட்டால் போர்த்த முடியாது. அதனால் தூண்களுக்குள் தண்ணீர் நிரப்பினார்கள், குளிரில் உறையாத கலவையோடு.) வெளிர் கிரானைட், வெள்ளைச் சுவர், கண்ணாடி இவற்றின் மேல் கார்ட்டன் தண்ணீர் விழவே கூடாது. சிற்பத்தின் அடியில் கருங்கல் ஜல்லி போட்ட ஒரு குழி அமைத்து அதற்குள் வடியவிடுங்கள். முகப்பின் கீழ் விளிம்பைச் சற்று முன்னால் தள்ளி, தண்ணீர் சுவரைத் தொடாமல் சொட்டும்படி மடியுங்கள். தெளிவான வார்னிஷ் அடித்தால் கறை வராதே என்பார்கள். வெயிலில் அது உரியும், உரிந்த இடம் ஒரு நிறம், உரியாத இடம் ஒரு நிறம். பிறகு எல்லாவற்றையும் பிளாஸ்ட் செய்யத்தான் வேண்டும். கை படும் கைப்பிடி, துணி படும் பெஞ்ச் ஆகியவற்றுக்கு மட்டும் மெழுகு பூசிக்கொள்ளலாம்.

வாங்கும்போது மில் டெஸ்ட் சர்ட்டிபிகேட் (எஃகு ஆலை தரும் சோதனைச் சான்று) கேளுங்கள். செம்பு, குரோமியம், நிக்கல் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். இந்தியத் தர எண் ஐ.எஸ். 11587, செயில் நிறுவனம் செயில்கார் என்ற பெயரில் இந்த வகை எஃகு தயாரிக்கிறது. 'கார்ட்டன் பினிஷ்' என்று சொல்லிச் சாதாரண எம்.எஸ். தகட்டைத் துருப்பிடிக்க வைத்துக் கொடுத்தால், முதல் ஆண்டு உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது. சர்ட்டிபிகேட் மட்டும்தான் சொல்லும்.

இனி உங்கள் ஈ.சி.ஆர். மனை. கடலிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் தகுந்த சோதனை இல்லாமல் போட வேண்டாம் என்பது பிரிட்டனில் பின்பற்றும் பொதுவான எல்லை. அங்கே குளிர்ந்த கடல். இங்கே வெப்பமும் ஈரப்பதமும் கூடுதல். அரை கிலோமீட்டரில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: உப்புக் காற்று வரும் இடத்தில் மழை நேராக அடிக்கும் சுவரைவிட, சன்ஷேடுக்கு அடியில் இருக்கும் பரப்புத்தான் முதலில் கெடும். உப்பு அங்கேயும் வந்து படிகிறது, கழுவ மழை வருவதில்லை. "உள்ளே தள்ளி வைத்துவிடலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள்.

அந்த நிறம்தான் வேண்டுமென்றால், ஹாட் டிப் கால்வனைசிங் செய்த (உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த) எம்.எஸ். தகட்டின் மேல் துரு நிறப் பெயின்ட் அடிப்பது நேர்மையான வழி. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டியிருக்கும், அதைக் கணக்கில் வையுங்கள். சிற்பத்துக்கு 316 ஸ்டெயின்லெஸ் அல்லது வெண்கலம் பற்றி உங்கள் சிற்பியிடம் பேசுங்கள். கார்ட்டன் சிற்பம்தான் வேண்டும் என்று மனம் பிடிவாதமாக இருந்தால், கூரைக்குக் கீழே, நான்கு சுவருக்குள், கடல்காற்று வராத அறையில் வைத்துக்கொள்ளலாம்.

கோவை, ஓசூர், மதுரைப் பக்கம் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்களுக்குத் தடையில்லை. வடிவமைப்பில் தண்ணீருக்கு வழி விட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மாட்டிய பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்து தகடு நன்றாகக் காய்ந்ததும், அகலமான செல்லோ டேப்பை ஒட்டி அழுத்திப் பிய்த்துப் பாருங்கள். நைஸான தூள் மட்டும் ஒட்டி வந்தால் படலம் ஒழுங்காக வளர்கிறது. நகம் அளவு செதில்கள் வந்தால் அந்த இடத்தில் ஈரம் தேங்குகிறது. மேலே எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று தேடிப் பிடித்து, அதை முதலில் திருப்பிவிடுங்கள். தட்டினால் அடுக்கடுக்காகத் தாள் போலப் பெயர்ந்தால் தாமதிக்காதீர்கள். அந்தப் பகுதியைப் பிளாஸ்ட் செய்து, மிச்சப் பருமனை அளந்து, பெயின்ட் அடித்துவிடுவதுதான் வழி.